சீமோனின் வலக்கை

றெஜினா: கொஞ்சம் கதையாமல் இருங்கோ, ரட்ணமண்ணை... உங்கை பாருங்கோ. திரும்பவும் தூக்கிறார்.

ரட்ணம்: எங்கை... ஓம், ஓம். நீர் கையைப் பிடியாமல் விடும்.

றெஜினா: நான் பிடிக்கேல்லை. நேர்ஸ் பெட்டை கட்டிலோடை கட்டிப்போட்டுப் போனவள், குழாயை இழுத்துப்போடுவாராம். நான்தான் அவிட்டு விட்டனான்.

ரட்ணம்: உள்ளங்கை தன்ரை பக்கம்... நாலு விரல்... வாய்க்குக் கீழை, நாடியிலை. அட சீமோன்!

றெஜினா: என்ன அண்ணை? என்னவாம் என்ர மனுசன்?

ரட்ணம்: வாங்கிறான்.

றெஜினா: என்னத்தை?

ரட்ணம்: நாலு ஃபியூச்சர்ஸ், வாற மாச விலைக்கு இப்பவே முடிக்கிற சந்தை ஒப்பந்தம். உள்ளங்கை தன்னைப் பாத்தால் வாங்கிறது, மற்றவனைப் பாத்தால் விக்கிறது. விரல் நாடியிலை எண்டால் ஒண்டு ரெண்டு, நெத்தியிலை எண்டால் பத்து இருவது. டவுன்டவுன் சந்தை ஃபுளோரிலை நானும் இவனும் உப்பிடித்தானே நிண்டு தொண்டை கிழியக் கத்தினனாங்கள். அந்தச் சத்தத்துக்கை ஆற்றை வாய் கேக்கும்? கைதான் வாய்.

றெஜினா: எனக்கு உந்தக் கைக்கணக்கு ஒண்டும் தெரியாது. டொக்டர் உது சும்மா துடிப்பு எண்டுறார். உள்ளுக்கை ஆளில்லையாம்.

ரட்ணம்: டொக்டருக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்!

றெஜினா: மூண்டு மணிக்கு வந்து கேக்கப் போறாரண்ணை. மூச்சு மெஷினை நிப்பாட்டுறதோ, விடுறதோ எண்டு. நதீஷா மிசிசாகாவிலையிருந்து வெளிக்கிட்டிட்டாள். "அம்மா, நீங்கள் சொல்லுறதுதான்" எண்டு அவளும் என்ர தலையிலை போட்டிட்டாள். நான் என்னத்தைச் சொல்ல?

ரட்ணம்: ஏலாதெண்டு சொல்லும்! இஞ்சை, இந்தப் போனிலை சந்தை விலையைப் பாரும்.

றெஜினா: ஒரு கோடு ஏறுது. எனக்கென்ன விளங்கும்?

ரட்ணம்: இவன் கையைத் தூக்கேக்கை அது கீழை கிடந்தது. இப்ப ஏறுது. காலமை விக்கச் சொல்லிக் காட்டினவன், கொஞ்ச நேரத்திலை பொத்தெண்டு விழுந்தது. நேற்றும் அப்பிடித்தான்.

றெஜினா: இந்த அறையிலை ரீவி இல்லை... ரேடியோ இல்லை...

ரட்ணம்: கண்ணும் திறக்கேல்லை.

றெஜினா: மாதாவே... பிறகெப்பிடி இவருக்குத் தெரியும்?

ரட்ணம்: முந்தியும் விண்ணன்தானே இவன். ஃபுளோரிலை ஒருத்தனைப் பாத்த உடனை சொல்லுவான், "மச்சான், உவன் பயந்திட்டான், இப்ப விப்பான்" எண்டு. வேர்வை மணத்திலை பிடிச்சிடுவான். பிறகு கொம்பியூட்டரைக் கொண்டந்து வைச்சுப்போட்டு எங்களைக் கலைச்சாங்கள். இப்ப ஆர் வாங்கிறான், ஆர் விக்கிறான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மனுசனோ மெஷினோ எண்டே தெரியாது.

றெஜினா: அப்ப... இவர் இப்ப ஆற்றை பயத்தை மணக்கிறார்?

ரட்ணம்: எனக்குத் தெரியாது தங்கச்சி. கேக்கவும் பயமாக் கிடக்கு.

றெஜினா: கதைச்சுக் கொண்டே போனிலை என்ன அமத்திறியள்?

ரட்ணம்: ஒண்டுமில்லை.

றெஜினா: அண்ணை!

ரட்ணம்: ...நாலு வாங்கினனான்.

றெஜினா: படுபாவி! மெஷினிலை மூச்சு விடுற மனுசனை வைச்சு வியாபாரமோ? நல்ல சிநேகிதம்!

ரட்ணம்: காசுக்கில்லை றெஜினா, சத்தியமாக் காசுக்கில்லை. ஃபுளோரைப் பூட்டினாப் பிறகு இவன் எயார்போட்டிலை வேலைக்குப் போனான். நான் வோபர்னிலை வீடு வீடாய் ஏறி இன்சூரன்ஸ் வித்தன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைப் பாத்து உப்பிடிக் கையைக் காட்டேல்லை. நான் காட்டினாலும் விசரன் எண்டு பாப்பினம். இந்த ஒரு கைதான் எனக்கு மிச்சம். அதையும் நிப்பாட்டப் போறீரோ?

றெஜினா: கோவிச்சுப்போட்டன், குறை நினையாதையுங்கோ. நதீஷா வந்திட்டாளோ எண்டு ஒருக்கா வெளியிலை பாத்திட்டு வாறன். நீங்கள் இவரிலை கண்ணாய் இருங்கோ.

ரட்ணம்: ஓம், போட்டு வாரும்... சீமோன். டேய் சீமோன், கேக்குதோ? நான் ரட்ணம். வாங்கு, வில்லு, என்னவெண்டாலும் காட்டு... வேண்டாமடா. உதை வேண்டாம். கையைக் கீழை விடு... டேய், அவள் பாக்கப் போறாள்!

றெஜினா: அவள் இன்னும் வரேல்லை. ஆரோடை கதைச்சனீங்கள்?

ரட்ணம்: சும்மா... செபம் சொன்னனான்.

றெஜினா: சைவக்காரருக்கு என்ன செபம்? நான் போன நேரம் இவர் கையாலை ஏதும் காட்டினவரோ?

ரட்ணம்: இல்லை. அசையவே இல்லை.

றெஜினா: கதவு கண்ணாடிக் கதவண்ணை. வெளியிலை நிண்டு பாத்தனான். விரலெல்லாத்தையும் சேத்து, கழுத்தடியாலை ஒரு இழுவை. உதுக்கென்ன அர்த்தம்?

ரட்ணம்: அது... சொறியிறான். குழாய் கடிக்கும்தானே.

றெஜினா: குழாய் வாயிலையெல்லோ கிடக்கு.

ரட்ணம்: கேளாதையும் தங்கச்சி. உம்மைக் கும்பிட்டன்.

றெஜினா: டொக்டர் வரப்போறார். சொல்லுங்கோ.

ரட்ணம்: ...அழி எண்டு அர்த்தம். "வாங்க விக்கக் குடுத்த என்ரை ஓடர் எல்லாத்தையும் அழிச்சுப்போடு, நான் வெளியிலை." வந்த முதல் நாளே கண்டனான். காணாத மாதிரி இருந்திட்டன். வாங்கிறதையும் விக்கிறதையும் மட்டும் உமக்குச் சொன்னன். இவனும் போனால் நான் ஆரிட்டைப் போவன், றெஜினா? என்னை மன்னியும்.

றெஜினா: அழாதையுங்கோ அண்ணை. நானும் பொய்தான் சொன்னனான், ஒண்டும் தெரியாதெண்டு. கலியாணத்துக்கு முந்தி வெள்ளிக்கிழமையளிலை உங்கட ஃபுளோருக்கு மேலை, பாக்க வாற சனம் நிக்கிற கண்ணாடிக்குப் பின்னாலை வந்து நிப்பன். சந்தை மூடுற மணி அடிச்ச உடனை இவர் என்னை நிமிந்து பாத்து உப்பிடித்தான் கழுத்தடியாலை இழுப்பார்: "முடிஞ்சுது, கோட்டைப் போடும், வீட்டை போவம்" எண்டு. இஞ்சையும் நான் அந்தக் கதவுக்கு வெளியிலை போய் நிக்கேக்கை மட்டுந்தான் உதைக் காட்டுறார். நீங்களாவது வேறை அர்த்தம் ஏதும் சொல்லுவியள் எண்டுதான் அண்ணை, உங்களைக் கூப்பிட்டனான்.