வேரில் இருந்த சதை

காலை ஏழு ஐம்பதுக்குச் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அந்தப் பத்து வயதுப் பெண்ணின் முன்பல் வேரோடு வந்துவிட்டதாம். ஆம்பூரில் பல் மருத்துவரைப் பார்க்க, கன்னம் வீங்கிய என் மகனோடு காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா திடீரென்று சொன்னார்:

“வேர்ல சதை இருந்துச்சு. நான் சுரண்டிட்டேன்.”

“இன்னாத்துக்குய்யா?” என்றாள் அவருடைய மனைவி.

“தோல் பதனிடற ஷாப்புல இருபது வருஷமா சதைய எடுக்கறதுதான என் வேலை? சதை நின்னா தோல் அழுகிடும். பல்லும் அப்படித்தான்னு நெனச்சேன்.”

“நான் உன் கையிலருந்து புடுங்கிப் பால்ல போடலன்னா பாலிஷும் போட்டிருப்ப.”

“அந்தச் சதைதான் பல்லு எலும்போட ஒட்டிக்காம பாத்துக்குதாம். நர்சு சொல்றாங்க. அது செத்துட்டா, இவ வளர்ந்தாலும் பல்லு அங்கயே நின்னுடுமாம். எம்பொண்ணு சிரிப்ப நானே கெடுத்துட்டேன்டி.”

வாயில் துணியை அழுத்தியிருந்த மகள், “அழாதப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

மருத்துவர் பல் கிடந்த பால் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

“பால்ல போட்டதால ஒரு பக்கம் சதை இன்னும் உயிரோட இருக்கு. திரும்ப வச்சுப் பாக்கலாம். அப்பா, நீங்களும் உள்ள வாங்க. இவ கைய நீங்கதான் புடிச்சுக்கணும்.”