விளிம்பில் வெட்டிய பெயர்

பதக்கத்துக்குப் பாலிஷ் போடக் கூடாது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கேட்பதில்லை. பட்டாளத்தில் கொடுக்கும் பதக்கத்தின் விளிம்பில், வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தாத்தாவின் பதக்கம் பளபளக்கட்டும் என்று பேரப்பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்து, பத்து வருடத்தில் தாத்தாவையே காணாமல் ஆக்கிவிடுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். லென்ஸை மாட்டிக்கொண்டு அந்தப் பெயர்களைப் படிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை. பட்டாள ஆவண அலுவலகத்துக்கு எழுதுவேன், பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவேன், ஆளுக்கொரு கோப்பு போடுவேன். பெற்ற பிள்ளைகளே மறந்துவிட்ட நூற்று நாற்பது பேரை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

நீங்கள் கேட்கும் இந்தப் பெரியவரின் பதக்கங்கள் இரண்டு, பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த தாழ்ப்பாள்களுக்கு நடுவே கிடைத்தன. அவருக்கு மூன்று உண்டு என்றது ஆவணம். மூன்றாவதுதான் பெரியது. குண்டு மழையில் ஆற்றைக் கடந்து, காயம்பட்ட மூவரை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து வந்ததற்குக் கொடுத்தது. நான்கு வருடம் அவருக்காக அலைந்தேன். அந்த ஆற்றின் வரைபடத்தை நானே வரைந்து கடைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

ஆள் உயிரோடு இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மகளின் விலாசம் கிடைத்து எழுதினேன். "அப்பா உங்களப் பாத்தே ஆகணும்ங்கறாரு சார்" என்று அவர் ஃபோன் செய்தார். போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. கட்டிலை ஒட்டி ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது, அதன் குழாய் பெரியவரின் மூக்கில். மடியில் மூன்றாவது பதக்கம். கையில் ஓர் அரம்.

"மருந்துக் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். கொஞ்ச நேரம் அப்பாகூட இருங்க" என்று மகள் கிளம்பினார்.

பதக்கத்தை வாங்கிப் பார்த்தேன். விளிம்பு மழமழவென்று இருந்தது, எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"யாரு பண்ணது இத?"

"நான்தான் தம்பி. ஒரு மாசமா ராவறேன், கை நடுங்குது" என்றார். "மூணு பேரத் தூக்கினவன் நான் இல்ல. என்கூட இருந்தவன். மூணாவது ஆளக் கரை சேத்துட்டு அங்கயே செத்துட்டான். நான் புதர்ல பதுங்கிக் கெடந்தேன். அதிகாரி வந்து தூக்கினது நீதானான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க பேரெல்லாம் எழுதி வைக்கறவராமே. அவன் பேரச் சொல்றேன், எழுதிக்குங்க. அவனுக்குன்னு யாருமில்ல. நானும் போய்ட்டா அவன் பேரு தெரிஞ்சவங்களே இல்ல."

சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொன்னார். நான் பேனாவை எடுக்கவில்லை.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அவர் பொய் சொன்னதற்காக இல்லை. சொன்ன பொய்யைச் சாகும்வரை காப்பாற்றத் துப்பில்லையே என்றுதான். என் கோப்பில் இருந்த வீரனை அரத்தால் ராவ இந்தக் கிழவருக்கு என்ன உரிமை?

மெஷினின் சுவிட்ச் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அணைத்தேன். அது மட்டும் போதாது என்று தெரிந்ததும் தலையணையை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், பிடி சீக்கிரமே தளர்ந்துவிட்டது. பிறகு தலையணையைத் தட்டித் தலைக்கடியில் வைத்து, மெஷினை மறுபடி ஓடவிட்டேன்.

"தூங்கறாரும்மா" என்று மகளிடம் சொன்னேன். பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கிற கடையில் கொடுத்து, பெரியவரின் பெயரைப் பழைய எழுத்திலேயே வெட்டச் செய்தேன். மூன்றையும் ஒரே சட்டத்தில் போட்டு, மகளுக்குக் காட்டி ஆறுதல் சொல்லலாம் என்று எடுத்துப் போனேன். நான் செய்த பிழை அது ஒன்றுதான். அவர் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இந்தப் பேர ராவி எடுத்துட்டாரே. ஏம்ப்பான்னு கேட்டதுக்கு, கண்ணாடிக் கடைக்காரர் வரட்டும், அவர்கிட்டதான் சொல்வேன்னாரு. உங்ககிட்ட என்ன சார் சொன்னாரு?" என்று கேட்டார். அன்றைக்கே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார்.

நடந்ததையெல்லாம் எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். அந்த இன்னொருவரின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. ஆனால் சொல்ல மாட்டேன். மூவரைச் சுமந்தவர் யார் என்று பதக்கத்தில் தெளிவாக இருக்கிறது ஐயா, நானே வெட்ட வைத்திருக்கிறேன்.