ஷாமிளாவின் வாயில் வந்த வாசம்

என் பெயர் நாகலிங்கம் புஷ்பம். வயது அறுபத்து மூன்று. கரவனெல்லைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில், ஆற்றோரத் தொழிலாளர் லயத்தில் வசிக்கிறேன். இறப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவள். பொலிஸில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

2004ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி, அதாவது நேற்றுக் காலை, தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர்கள்: நான், என் மகன் கிருஷ்ணராஜ், மருமகள் விஜயகலா, அவர்களுடைய நான்கு வயது மகள் ஷாமிளா, மருந்து கொடுக்கும் கஜேந்திரன் ஐயா, முச்சக்கர வண்டியில் பாண் ரொட்டி விற்கும் ஹலீம். வேறு எவரும் இல்லை. இருந்ததாக யாராவது வந்து சொன்னால் அது பொய்.

அதற்கு முந்தின நாள் பிள்ளை வாந்தி எடுத்தாள். நானும் மருமகளும் கஜேந்திரன் ஐயாவிடம் தூக்கிப் போனோம். அவர், "வயித்துக்கு ஒன்னும் குடுக்காதீங்க, தண்ணி மட்டும் குடுங்க, பட்டினி போட்டா தன்னால நிக்கும்" என்றார். பின்னேரம் வாந்தி நின்று பிள்ளை சோறு கேட்டாள். மருமகள், "டொக்டர் ஐயா வேணாம்னுட்டாரே அத்தை" என்று சொல்லி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பிள்ளை அழுதபடியே தூங்கிப் போனாள்.

அதன் பின்னர் மறுநாள் விடிந்து, மருமகள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக எழும்பிப் பிள்ளையைத் தொட்டபோது உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வையாக இருந்தது. கூப்பிட்டும் எழும்பவில்லை. கண் மேலே செருகி, ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. பாண் கொண்டுவந்த ஹலீமின் வண்டியில் எல்லோரும் டிஸ்பென்சரிக்குப் போனோம்.

கஜேந்திரன் ஐயா பிள்ளையின் வாயை முகர்ந்தார். அழுகின அன்னாசிப்பழம் போல ஒரு வாசம் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. அவர், "சளிக்கு ஒரு மூடி ஊத்துனீங்களா? ஒங்க லயத்துல பாதிப் பேருக்கு இதே வேலதானே. யாரு ஊத்துனது?" என்று கத்தினார். சளிப் பிடித்த பிள்ளைக்கு ஒரு மூடி கசிப்புச் சாராயம் ஊற்றுகிறவர்கள் லயத்தில் இருக்கிறார்கள்தான். எங்கள் வீட்டுக் காம்பராவில் அது நடந்ததில்லை. அங்கே கசிப்பு குடிக்கிறவன் என் மகன் ஒருவனே. அவன், "எனக்குத் தெரியாதுங்க ஐயா, இவதான் ஊத்தியிருப்பா" என்றான். விஜயகலா அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கடைவாயை முந்தானையால் துடைத்தாள்.

அதன் பின்னர் ஐயா பொலிஸுக்கு போன் எடுத்தார். ஹலீம்தான், "புள்ள கைய விட்டுப் போகுது, நீங்க பொலிஸு, கோர்ட்டு, வழக்குன்னு பேசுறீங்க. ஏறுங்க பாட்டி" என்று எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே ஒரு டொக்டரம்மா விரலில் குத்தி இரத்தம் பார்த்து, நரம்பில் சீனி மருந்து ஏற்றினார். சற்று நேரத்தில் பிள்ளை கண் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

டொக்டரம்மா சிங்களத்தில் சொன்னார், எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். இது சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இல்லையாம். மெலிந்த பிள்ளைகள் வாந்தி எடுத்து நெடுநேரம் சாப்பிடாமல் கிடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடுமாம். சோறு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது அந்த வாசம் வருமாம். சாராயம் கொடுத்த அடையாளம் ஏதும் இல்லையாம். கேட்டால் அவரே எழுதித் தருவார்.

அதற்குள் இரண்டு கொன்ஸ்டபிள்மார் ஆஸ்பத்திரிக்கே வந்து விஜயகலாவைக் கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைக்கு அடிக்கடி ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீனி மறுபடி இறங்கும் என்று டொக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளையோ தாயைத் தேடி வாயை இறுக மூடிக்கொண்டு என் கையைத் தட்டிவிடுகிறாள். ஆகையால் மருமகளை இன்றே வார்டுக்கு அனுப்பும்படி பொலிஸ் ஐயாமாரைக் கேட்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் மகன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். "நான் குடிக்கிறது தெரிஞ்சா தோட்டத்துல பேர வெட்டிருவாங்கம்மா" என்றான். "ஒம் பேரு செக்ரோல் புத்தகத்துல சொகமா இருக்கட்டும்டா. அங்கயே போய்ப் படுத்துக்க" என்று சொல்லி உள்ளே போனேன்.

சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. கஜேந்திரன் ஐயாவோடு எனக்குப் பேச்சு இருக்கிறது, அதை அவர் முகத்துக்கு நேரே பேசித் தீர்ப்பேன். கூட்டிப் போன கொன்ஸ்டபிள்மாரையும் விட்டுவிடுவேன். நான் மன்னிக்க மாட்டாதது ஒருவனை மட்டும்தான்: நான் பெற்ற கிருஷ்ணராஜை.

(ஒப்பம்) நா. புஷ்பம்