கரி இன்ஜின் முன்னால் ரெண்டு பேர்

மேல பேசறதுக்கு முன்னால, ஒரு ரயில்வே ஊர்ல நடந்த சின்னக் கதையைச் சொல்லிடறேன்... கொஞ்சம் காது கொடுங்க.

அந்த ஊர்ல ரொம்பப் பழைய கரி இன்ஜின் ஒண்ணு. கடைசியா ஓடின அன்னிக்கு அதுக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க. போட்டோவை தொழிலாளர் சங்க ஆபீஸ்ல மாட்டினாங்க. அதுல, இன்ஜின் முன்னால ரெண்டே பேர். ஒருத்தர் பெரிய அதிகாரி. இன்னொருத்தர் அந்த இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் பாக்கியநாதன். அதிகாரியோட கை, பாக்கியநாதன் தோள்மேல.

அடுத்த மாசம் வேலைநிறுத்தம். மறைஞ்சிருந்த சங்கத் தலைவர்களை போலீஸ் நேரா அவங்க இருந்த இடத்துக்கே வந்து பிடிச்சுது. யார் காட்டிக் கொடுத்தது? எல்லாரும் சுவத்துல இருந்த போட்டோவைப் பார்த்தாங்க... தோள்மேல கை. போதாதா?

அதுக்கப்புறம் பாக்கியநாதன் வந்தா பேச்சு நின்னுடும். அவர் மக அமலோற்பவத்துக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுது. அவர் செத்தப்போ, சவப்பெட்டியைத் தூக்க, அவர் வேலை பார்த்த இன்ஜின் ஷெட்டிலிருந்து ஒரு ஆள்கூட வரலை.

பல வருஷம் கழிச்சு, ஒரு மியூசியத்துல அமலோற்பவம் அதே போட்டோவை முழுசா பார்த்தாங்க. அதுல ஷெட் ஆளுங்க எல்லாரும் வரிசையா நிக்கறாங்க; கேமராவைப் பார்த்து நின்னதால, அதிகாரி கை யார் தோள்மேலன்னு அவங்க யாரும் அன்னிக்குக் கவனிக்கலை. அதிகாரியோட இன்னொரு கை... சங்கச் செயலாளர் சிங்காரவேலு தோள்மேல.

ஒரு பிரதி வாங்கிக்கிட்டு, வயசாகிப் படுத்திருந்த சிங்காரவேலு வீட்டுக்கே போனாங்க. இதை வெட்டினது யாருன்னு கேட்டாங்க. ஃப்ரேம் சின்னதா இருந்துது, இன்ஜின் தெரிஞ்சா போதும்னு தான்தான் ஒரு பக்கத்தை வெட்டச் சொன்னதா அவர் சொன்னார்.

"தெரிஞ்சும் ஏன் மாமா வாயைத் திறக்கலை?"

அவர் போட்டோவைத் தள்ளி வச்சார். அப்புறம் சொன்னார்: "எல்லாரும் உங்கப்பாவையே பார்த்துக்கிட்டிருந்தாங்கம்மா... என்னைப் பார்க்கலை."

அமலோற்பவம் எழுந்தாங்க. முழுப் போட்டோவை சங்க ஆபீஸ்ல கொண்டுபோய் மாட்டிட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க.

சரி... இப்ப உங்க மனசுல என்ன ஓடுது? 'அப்போ சிங்காரவேலுதான் காட்டிக் கொடுத்தவன்'... அதானே? நான் அப்படிச் சொன்னேனா? அவர் கோழையாவும் இருக்கலாம். காட்டிக் கொடுத்தது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா இங்க உட்கார்ந்த இடத்துலயே நீங்க தீர்ப்பு எழுதிட்டீங்க. எவ்வளவு சுலபமா இருந்துது, பார்த்தீங்களா?

சந்தேகம் வர்றது தப்பில்லைங்க. வந்தா, அந்த ஆள் வீட்டுக் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்துக் கேளுங்க. பாக்கியநாதன் வீட்டுல இருந்தாரு... சாகற வரைக்கும் இருந்தாரு. கேட்கத்தான் ஒருத்தரும் போகலை.