பாதி ஆண்டுக்கு முழுப் பங்கு போட்டோம்

தலைமை வகிக்கும் சங்கத் தலைவி லொரெய்ன் வாண்டர்ஹைடன் அவர்களே! காகித ஆலையில் கை தேய, கால் தேய, கண் தேய உழைத்த பெரியோர்களே! வெள்ளிக்கிழமை மீன் விருந்தின் வாணலியை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னையே முறைக்கும் என் அருமை அப்பா டுவைன் வெர்குய்லன் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என் பெயர் மாரிட். பத்தாம் வகுப்பு.

"சத்தமா பேசு, கண்ணு!"

பேசுகிறேன், ரோலி அங்கிள்.

என் அப்பாவை அறியாதவர் இங்கே உண்டா? உங்கள் படிவங்களை நிரப்பித் தந்தவர் யார்? உங்கள் வரிக்கணக்கை எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்டுத் தந்தவர் யார்? காசு கேட்டாரா? ஒரு குவளை காப்பி கேட்டார்!

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் முதல் தேதி, ஆலை நமக்குப் புதுக் காப்பீடு தந்தது. முதல் சில ஆயிரம் டாலர் வைத்தியச் செலவை நாமே ஏற்க வேண்டும். அதற்குப் பதிலாக, வரியில்லாமல் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். "டிசம்பர் ஒண்ணாந்தேதி உள்ள இருந்தா முழு வருஷத்துக்கும் போடலாம், அடுத்த வருஷம் முழுக்க விலகாம இருந்தா போதும்" என்று கண்டுபிடித்தவர் என் அப்பா. அன்று அவர் சொன்னது சரி. அவரைத் தோளில் தூக்கினீர்கள்!

சென்ற ஜூனில் அறிவிப்பு வந்தது: ஜூலை முதல் வேறு காப்பீடு, இனி அந்தக் கணக்கில் பணம் போட முடியாது. அப்பா ஆலை உணவறையில் எழுந்து நின்றார். "கதவு சாத்துறதுக்குள்ள முழு வருஷத்துக்கும் போட்டுடுங்கப்பா!" முப்பத்தொரு பேர் போட்டீர்கள். எங்கள் வீடும் போட்டது.

பள்ளியில் வரிப்பாடம். வீட்டுக் கணக்கையே எடுத்துச் செய்யச் சொன்னார்கள். விதியைப் படித்தேன்; மறுபடியும் படித்தேன். ஆண்டு வரம்பு பன்னிரண்டு பங்கு. மாதத்தின் முதல் நாளில் அந்தக் காப்பீடு இருந்தால் அந்த மாதத்துக்கு ஒரு பங்கு. ஜனவரி முதல் ஜூன் வரை நமக்கு எத்தனை? ஆறு! போட்டது எத்தனை? பன்னிரண்டு! டிசம்பர் சலுகை உள்ளே வருபவருக்கு. வெளியே போகிறவருக்கு இல்லை.

ஞாயிறன்று அப்பாவிடம் சொன்னேன். "வரும்போது சரின்னா போகும்போது எப்படித் தப்பாகும்? போடி, போய்ப் படி" என்றார்.

"டுவைன், பொண்ணு உன்னையே தூக்கிச் சாப்பிட்டாடா!"

சிரிக்காதீர்கள், ரோலி அங்கிள். முதலில் போட்டவர் நீங்கள்! சும்மா இருந்தால் அதிகப் பணத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு அபராதம். இந்த ஏப்ரல் வரித் தாக்கலுக்குள், அந்த அதிகப் பணத்தையும் அது ஈட்டிய வட்டியையும் திரும்பப் பெற்றால் அபராதம் இல்லை. சாதாரணமாக எடுத்தால் போதாது. "அளவுக்கு மேல் போட்டதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கணக்கு உள்ள வங்கியிடம் படிவத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அந்தப் படிவம் இதோ என் கையில்!

அப்பா, உங்களைத் தலைகுனிய வைக்க நான் இந்த மேடை ஏறவில்லை. நான் சொன்னால் இவர்கள் யோசிப்பார்கள். நீங்கள் சொன்னால் நாளைக் காலையே செய்வார்கள். அதனால்தான் ஏறினேன்.

அப்பா எழுந்து நிற்கிறார். ஏதோ கேட்கிறார்.

"போன டிசம்பர் ஒண்ணாந்தேதி பழைய காப்பீட்டுல நம்மள்ல யாராவது இருந்தோமா?"

இல்லப்பா. ஒருத்தரும் இல்ல.

"அப்ப நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு! அந்தப் படிவத்தைக் கொடும்மா. முப்பத்தொரு பேரும் நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. நிரப்பித் தரேன்... இல்ல, இவ நிரப்புவா. நான் காப்பி போடறேன்."

கேட்டீர்களா, பெரியோர்களே? இவர்தான் என் அப்பா! பேச இடம் தந்த தலைவிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தாய்மார்களே, மீன் ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். வணக்கம்.