குங்குமம் பட்ட ரப்பர்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. வாராவாரம் இந்த மாடி ஹாலை நமக்குத் தொறந்து உடற, போர்க்கெணறு தோண்டற ரிக் லாரி ஓனர், நம்ம மகளிர் ஓவியச் சங்கத்துத் தலைவர் தனபால் அண்ணங்க அவர்களே! டீச்சரோட வீட்டுக்காரர், மரியாதைக்குரிய நசுருல்லா பாய் அவர்களே! திருச்செங்கோட்டுக்கு பஸ் புடிச்சு வந்து உக்காந்திருக்கற என்ற அக்கா தங்கச்சிகளே! கடைசி வரிசையில கதவோரமா உக்காந்திருக்கற மோகனப்பிரியா, உனக்கும் வணக்கம் சாமி.

நா நல்லம்மாள். அஞ்சு நிமிசம் பேசுங்கன்னு தலைவர் சொல்லிருக்காரு. அஞ்சு நிமிசத்துல நா மூச்சு உட்டு முடிக்கறதே பெருசுன்னு அவருக்கும் தெரியும்.

முதல்ல ஒரு குத்துவிளக்கு ஏத்தலாமான்னு பாயைக் கேட்டேனுங்க. “வேண்டாங்க்கா, மனசார துஆ செஞ்சா போதும்”னு சொன்னாரு. சரீன்னு காலையில மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்புட்டு, டீச்சர் பேரைச் சொல்லிட்டு வந்தேன். எந்தக் கடவுள்கிட்ட சொன்னா என்னங்க? போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிச் சேரும்.

ஓவிய ஆசிரியை அம்மா சாயிரா பானு அவர்கள்! அம்பத்து நாலு வயசு. பன்னெண்டு நாளைக்கு முன்னால, சாயங்காலத் தொழுகை முடிச்சு எந்திரிச்சவங்க, நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாங்க. இது நியாயமா? என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க, என்னைவிட முன்னால போறது நியாயமா? அதுலயும் எனக்கு முந்திக்கணுமா?

சிரிக்காதீங்க. நா மெய்யாத்தான் சொல்றேன். எனக்கு அவிங்க மேல பொறாமைங்க. ஆறு வருசப் பொறாமை. மேடையேறி அவிங்களைப் புகழ்ந்து பேசுன்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்ச புகழ்ச்சி இதுதான். பொறாமைப்படறவளுக்குத்தானுங்க எதிராளியோட பெருமை முச்சூடும் தெரியும்!

நாள் முழுக்கக் கரிக்குச்சியப் புடிச்சு வரைவாங்க. சேலையில ஒரு பொட்டுக் கரி இருக்காது. நா அரை மணி நேரம் வரைஞ்சா, அடுப்புச் சாம்பல்ல பொரண்டவ மாதிரி எந்திரிப்பேன். அவிங்க வீட்டுக்காரரு பென்சில் சீவித் தருவாரு, பிளாஸ்க்குல டீ குடுத்து உடுவாரு. எங்க ஊட்டுக்காரரு, “கெழவி பள்ளிக்கோடம் போறா பாரு”ம்பாரு. எங்க மருமக யுவஸ்ரீ இருக்கறாளே, அவ செல்போன்ல முகப்புப் படம் யாரு? பெத்த ஆத்தாளா? கட்டுன புருசனா? மாமியாக்காரி நானா? சாயிரா டீச்சர்! கோவத்துல ரெண்டு நாள் அவகிட்டப் பேசவே இல்லீங்க நானு.

அவிங்க பேச்செல்லாம் ரப்பர்லதான் ஆரம்பிக்கும். நாம எல்லாம் வரையக் கத்துக்க வந்தோம். அவிங்க முதல் பாடமே அழிக்கறதுதான்னு சொன்னாங்க. ஒரு பெரிய தாள்ல ஆறு பட்டை போடச் சொன்னாங்க. சாதாப் பென்சில் ஒண்ணு, நல்லாக் கருக்கற பென்சில் ஒண்ணு, கரிக்குச்சி ஒண்ணு, இறுக்கி அடைச்ச கரிக்கட்டி ஒண்ணு, கலர் பென்சில் ஒண்ணு, கலர் சாக்குக்கட்டி ஒண்ணு. அதுக்குக் குறுக்கால ஒவ்வொரு ரப்பரா வெச்சுத் தேய்க்கணும். பள்ளிக்கோடத்துப் பிங்க் ரப்பர், வெள்ளை ரப்பர், கையில பிசையற சாம்பக்கலர் ரப்பர், பேட்டரி போட்டாச் சுத்தற ரப்பர்.

நா எந்திரிச்சுச் சொன்னேன்: “ஏனுங் டீச்சர், இத்தனை எதுக்குங்க? என்ற வெள்ளை ரப்பரே எல்லாத்தையும் அழிக்கும்.”

“அழிச்சுக் காட்டுங்கக்கா”ன்னாங்க.

பென்சில்ல சுத்தமா அழிஞ்சுது. நா ஒருக்கா எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கரிக்குச்சிப் பட்டையில வெச்சு ஒரு இழு இழுத்தேனுங்க. எருமை சேத்துல உழுந்து எந்திரிச்ச மாதிரி ஆயிப்போச்சு தாளு! கலர் பென்சில்ல இழுத்தேன், மெழுகு மெழுகா ஈசி அப்பிக்கிட்டுது. வாயால ஊதுனேன், எச்சி தெறிச்சு அதுலயும் ஒரு புள்ளி.

அவிங்க சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாலாவது சண்டைக்குப் போயிருப்பேன். பிசையற ரப்பரை எடுத்து இழுத்து மடிச்சு, கரி மேல வெச்சு ஒத்துனாங்க. தேய்க்கவே இல்ல. புள்ளைக்குக் கண்ணுத் தண்ணி தொடைக்கற மாதிரி ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. கரி அதோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. “கரி தாளு மேல சும்மா உக்காந்திருக்குதுக்கா. தேய்ச்சா உள்ள போயிரும். தூக்கி எடுக்கோணும். கருக்கற பென்சிலுக்கும் முதல்ல ஒத்திட்டு, அப்புறமேட்டுக்கு உங்க வெள்ளை ரப்பரைப் போடுங்க, பளபளன்னு வரும்.” என்ற ரப்பருக்கும் ஒரு எடம் குடுத்தாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது.

அடுத்த வாரம் நா சும்மா போவனா? பிசையறதுன்னா எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா சப்பாத்திக்குப் பிசையறவ. மைதா மாவைப் பிசைஞ்சு உருட்டிக்கிட்டு வந்து கரி மேல ஒத்துனேன். கரி வந்துது! ஆனா தாள்ல எண்ணெய்க் கறை. அவிங்க அதைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, “அக்கா, எண்ணெய் ஊத்தாமப் பிசைஞ்சிருந்தீங்கன்னா பாதி செயிச்சிருப்பீங்க”ன்னாங்க. எந்த ரப்பர் எதை அழிக்கும்னு எழுதி வெக்கற அவிங்க நோட்டுல அதையும் எழுதி, ‘நல்லம்மாள் அக்கா மாவு’ன்னு பேரும் போட்டு வெச்சாங்க. யாருங்க செய்வாங்க இதை? எதிர்த்துப் பேசறவளோட முட்டாத்தனத்தைக் கூடப் பரிசோதனைன்னு எழுதி வெக்கற மனசு யாருக்குங்க வரும்?

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற கதைங்க. இனிமே சொல்றதுதான் நா சொல்ல வந்தது. தண்ணி ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

போன வருசம் சேலத்துல கண்காட்சிக்குன்னு டீச்சர் ஒரு படம் போட்டாங்க. நம்மூரு ரிக் லாரி போர் போடற படம். நாப்பது நாள் வேலை. தாள் முழுக்கக் கரியப் பூசிட்டு, கெணத்துக்குழியிலிருந்து வெள்ளைப் புழுதி பொங்கி மேல வருதே, அதை முச்சூடும் பிசையற ரப்பராலயே எடுத்தாங்க. அழிச்சு அழிச்சே வரைஞ்ச படம்! தனபால் அண்ணன் அதைப் பார்த்துட்டு மூக்கைப் பொத்துனாரு. புழுதி ஏறுதுன்னாரு. ஊரே அதைப் பேசுச்சு. எனக்கு ராத்திரிச் சோறு எறங்கல.

அந்தச் சமயத்துல சரசுவதி பூசை வந்துது. வகுப்புச் சாமான் எல்லாம் பூசையில வெக்கறது என்ற பொறுப்பு. “உங்க சாமி, உங்க முறை, நீங்க செய்ங்கக்கா”ன்னு டீச்சர் அவிங்க டப்பாவையும் நம்பிக் குடுத்தாங்க. நா பென்சிலு, பலகை, கரிக்குச்சி டப்பா, ஒவ்வொரு ரப்பரு, எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சேன். பக்தியாத்தாங்க வெச்சேன். சாமி சத்தியமா அதுல கள்ளம் இல்ல.

மறுநாள் விஜயதசமி. எடுத்து வரையோணும். நா முன்னாலயே வந்து பொட்டெல்லாத்தையும் துணியால தொடைச்சேன். வெள்ளை ரப்பர்ல தொடைச்சா போயிருச்சு. பிசையற ரப்பர்ல போகல. ஈரச் சந்தனத்தோட குங்குமம் உள்ள ஊறிப்போச்சு. டீச்சரோட ரப்பர் அது. நா அதை மேலாப்புல தொடைச்சு, செவப்பு உள்ள போற மாதிரி மடிச்சு, டப்பாவுல வெச்சேன்.

டீச்சர் வந்தாங்க. “ரப்பர்ல குங்குமம் இருக்குது, வேற எடுங்க”ன்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நா சொல்லல. வேணும்னு வெச்சேனான்னு கேட்டீங்கன்னா இல்ல. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேனான்னா, ஆமாங்க. ஒருக்காவாவது அந்தக் கை தடுமாறட்டுமேன்னு நெனைச்சேன். ஒரே ஒருக்கா.

அவிங்க எப்பவும் ரப்பரைப் பாக்காமத்தான் இழுத்து மடிப்பாங்க, கண்ணு படத்து மேலயே இருக்கும். வெள்ளைப் புழுதி மேல கடைசியா ரெண்டு ஒத்து ஒத்துனாங்க. செவப்பு எறங்கிருச்சு. அதை எடுக்கறதுக்கு இன்னொரு ஒத்து. இன்னும் பரவுச்சு.

ஹாலே எந்திரிச்சு நின்னுது. “யாரு இந்த ரப்பரை எடுத்தது?”ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அப்ப ஒருத்தி பேசுனா. “செவப்புச் சாக்கு யாரு வெச்சிருக்காங்கன்னு பாருங்க. கேக்காம அடுத்தவங்க சாமானை எடுக்கற பழக்கம் யாருக்கு இருக்குதுன்னும் பாருங்க”ன்னா. பொட்டெல்லாம் தொடைச்சிருந்ததால குங்குமம்னு ஒருத்தருக்கும் தோணல, எல்லாரும் மோகனப்பிரியாவைப் பார்த்தாங்க. கலர் சாக்குல வரையறவ அவ ஒருத்திதான்.

அந்தப் பேச்சைப் பேசுனவ நாந்தானுங்க.

அந்தப் புள்ள, “நா எடுக்கலீங்க, எம் புள்ளை மேல சத்தியமா எடுக்கலீங்க”ன்னு அழுதா. நா வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னைக்குப் போனவ பதினோரு மாசமா இந்தப் படி ஏறல. இன்னைக்குத்தான் ஏறிருக்கறா.

படம் கண்காட்சிக்குப் போகல. டீச்சர் மோகனப்பிரியா ஊட்டுக்கு மூணு தடவை போனாங்க, அவ வரமாட்டேன்னுட்டா. ஒரு நாள் என்ற ஊட்டுக்கு வந்தாங்க. காப்பி குடிச்சாங்க. “அக்கா, நா கூப்பிட்டா வரமாட்டேங்குது. நீங்க ஒருக்கா எங்கூட வாங்களேன்”ன்னாங்க.

“எனக்கு ஊட்ல வேலை கெடக்குதுங்க. நா எதுக்குங்க வாரேன்?”னு கேட்டேன்.

காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சாங்க. “சரிங்க்கா, எப்ப முடியுதோ அப்பச் சொல்லுங்க”ன்னுட்டுப் போனாங்க. இவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நா நெனைச்சேன்.

டீச்சர் போன மூணா நாள் பாய் ஊட்டுக்குப் போனப்ப, அந்த ரப்பர் நோட்டை எங்கிட்டக் குடுத்தாரு. “வகுப்பை நீங்கதான் எடுத்து நடத்தோணும்னு தலைவர் சொல்றாருக்கா, நீங்களே வெச்சுக்கங்க”ன்னாரு. நா பொரட்டிப் பார்த்தேன். விஜயதசமிக்கு மறுநாள் தேதி போட்டு ஒரு பக்கம். அதுல ஒரு செவப்புப் பட்டை. பக்கத்துல அவிங்க கையெழுத்து: ‘குங்குமம், சந்தனத்தோட.’ அதுக்கு நேரா எல்லா ரப்பரும் போட்டுப் பார்த்திருக்காங்க. வெள்ளை: ஈசுது. பிசையறது: பரவுது. சுத்தற ரப்பர்: தாள் கிழியுது. அவ்வளவுதான். என்ற பேரு இல்ல. மாவுக்குப் பேரு போட்டவங்க, குங்குமத்துக்குப் போடல.

தெரிஞ்சிருக்குது! பதினோரு மாசம் தெரிஞ்சே எங்கிட்டச் சிரிச்சுப் பேசிருக்காங்க. நானா வந்து சொல்லுவேன்னு காத்திருந்திருக்காங்க. நா சொல்லல. அவிங்க போயிட்டாங்க. இந்தப் பொறுமை யாருக்குங்க வரும்? அஞ்சு வேளை தொழுதா வருமா? அமாவாசைக்கு அமாவாசை மலையேறுற எனக்கு ஏங்க வரல? கையில இருக்கற வித்தை மேல பொறாமைப்பட்டது போக, இப்ப அந்த மனசு மேல பொறாமையா இருக்குதுங்க. ஆளு இல்ல, பொறாமை மட்டும் இருக்குது. இந்த வெசனத்தை நா யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?

அந்த நோட்டுல ஒரு வரிசை மட்டும் காலியா கெடக்குதுங்க. கலர் சாக்கு வரிசை. பொடியை முதல்ல பிரஷ்ஷால தட்டணுமா, ஒத்தணுமா, எந்த ரப்பர் எந்த அளவுக்கு எடுக்கும், ஒண்ணும் எழுதல. டீச்சருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஓரத்துல பென்சில்ல ஒரு வரி போட்டிருக்காங்க: ‘மோகனப்பிரியா வந்ததும்.’

தலைவர் அவர்களே, வகுப்புக்கு என்ற பேரை எழுதிப்புட்டீங்க. அடிச்சுருங்க. நா ஞாயித்துக்கிழமை தவறாம வாரேன், ஹாலைக் கூட்டறேன், பாய் குடுக்கற பென்சிலைச் சீவறேன், புதுசா வாரவங்களுக்குக் கரிக்கு எந்த ரப்பரு, பென்சிலுக்கு எந்த ரப்பருன்னு டீச்சர் சொன்ன மாதிரியே சொல்லித் தாரேன். இது சாயிரா பானு டீச்சர் மேல ஆணை. ஆனா அந்த நோட்டு எங்கிட்ட இருக்கக் கூடாது.

மோகனப்பிரியா, நீ எடுக்கல சாமி. இத்தனை பேரு முன்னால சொல்றேன், நீ எடுக்கல. குங்குமத்தை உள்ள மடிச்சு வெச்சது நானு. உம் பேரைச் சொன்னதும் நானு.

எந்திரிக்காத. நீ இங்க வர வேண்டாம். நோட்டோட நா எறங்கி வாரேன்.