ஊதிக் காட்டுடா தம்பி

அழைப்பு மணி இப்படி விடாமல் அலறினால் பால் பொங்கத்தான் செய்யும். பரவாயில்லை, உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொல்கிறேன். பூட்டிய அறையில் அழுகைச் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருப்பார்கள். உள்ளே இருப்பது என் தம்பிதான். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

அம்மா போனபின் அவனை வளர்த்தது நான். கல்யாணம் செய்து வைத்ததும் நான். அதோடு அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே குறைந்துபோனது. குடி முற்றி, மனைவி விரட்டிய பிறகுதான் திரும்பி வந்தான். வாந்தியைத் துடைத்தேன், சோறு ஊட்டினேன். அக்காவை விட்டால் அவனுக்கு நாதியில்லை. சொல்லப்போனால், எங்களுக்கு அது நல்ல காலம்.

பிறகு குடியை நிறுத்தினான். நிஜமாகவே நிறுத்தினான். மூச்சை ஊதிச் சோதிக்கும் கருவி ஒன்றோடு அவன் மனைவி வந்தாள். குடித்திருந்தால் எண் காட்டும், இல்லையென்றால் பூஜ்யம்.

"தினம் சாயங்காலம் ஊதச் சொல்லுங்க அண்ணி. இந்த மாசம் முழுக்கச் சுத்தமா இருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அவர் பேச்சை நம்ப மாட்டேன். உங்க பேச்சை நம்புவேன்."

முதல் சில நாட்கள் பூஜ்யம்தான். "இந்த ஊது ஊதினா பலூன் கடையே வைக்கலாம்க்கா" என்று சிரித்தான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினான். மகளுக்கு வாங்கிய காலணியை முதலில் வைத்தான்.

நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் உண்டு. கொப்பளித்த கையோடு ஊதினால் கருவி எண் காட்டிவிடும். கால் மணி நேரம் பொறுத்தால் போய்விடும்.

"வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து ஊதுடா" என்றேன். பொறுக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஒரு சொட்டு மது நான் ஊற்றிக் கொடுத்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளிறியது. "சத்தியமா குடிக்கலக்கா."

"மெஷின் பொய் சொல்லுமாடா?" என்று மட்டும் கேட்டேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் கேட்டதுதானே.

மறுநாளும் எண். அதற்கு மறுநாளும். தூக்கத்தில் எழுந்து போய்க் குடிக்கிறோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்ப்பான். கடைசியில், "என்னை உள்ள வெச்சுப் பூட்டிடுக்கா" என்று அவன்தான் கெஞ்சினான்.

பூட்டிய பிறகும் எண் வந்தது. மருந்தையும் கருவியையும் நான்தானே உள்ளே கொண்டுபோகிறேன். அன்றுதான் அழ ஆரம்பித்தான். இப்போது தரை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறான். அவன் மனைவி நான் அனுப்பும் படங்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. காலணி பெட்டியிலேயே கிடக்கிறது.

அடைத்து வைத்தேன் என்று எழுதாதீர்கள். அது அவன் விருப்பம். வேண்டுமானால் நீங்களே கேளுங்கள், வாருங்கள். பூட்டில் சாவியை நுழைத்தாலே அவனுக்குக் கேட்டுவிடும்.

"திறக்காதக்கா. நான் ஒளிச்சு வெச்ச பாட்டில் இன்னும் எனக்குக் கிடைக்கல."